ஒரு சுவிட்ச், நாலு படம்: நெட்வொர்க் டயகிராமுக்கு எதை எடுப்பது?

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஐப்பசி எப்படி என்று தெரியும்தானே, காலையில் சுள்ளென்று வெயில், மத்தியானம் மலைப்பக்கம் கறுக்கும், மூன்று மணிக்கு இடிக்கத் தொடங்கினால் நாலு மணிக்கு எனக்குப் போன் வரத் தொடங்கும். அன்றைக்கும் வந்தது. மார்த்தாண்டம் பக்கம் நான் நெட்வொர்க் பார்த்துக்கொடுக்கும் ஒரு கல்லூரியில், லேடீஸ் ஹாஸ்டலில் நெட்டும் இல்லை, கேமராவும் இல்லை. நான் நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். கூட வேலை செய்யும் தம்பியை அனுப்பிவிட்டு, போனிலேயே டயகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு வழி சொன்னேன் (சுவிட்ச் என்றால் நெட் கேபிள்களை ஒன்றோடு ஒன்று இணைக்கும் பெட்டி, எஸ்எஃப்பி என்றால் அதில் ஃபைபரை மாட்டும் சின்ன மாட்யூல்): மெயின் பிளாக், ரெண்டாவது மாடி ரேக், மேலிருந்து மூன்றாவது சுவிட்ச், 24-ஆவது போர்ட், அதிலிருந்துதான் ஹாஸ்டலுக்கு ஃபைபர் போகிறது, முதலில் அந்த எஸ்எஃப்பியைக் கழற்றி மாட்டிப் பார்.

அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான். "அண்ணே, நீங்க சொல்ற சுவிட்ச் இங்க இல்லியே. மூணாவது இடத்துல வெறும் பேட்ச் பேனல்தான் இருக்கு."

பேட்ச் பேனல் என்றால் கேபிள்கள் வந்து முடியும் ஓட்டைப் பலகை. சுவிட்ச் அங்கே இருக்காதுதான். அந்த சுவிட்ச் சித்திரை மாதத்துக் கோடை மழை இடியிலேயே போய்விட்டது. புதிதாக வாங்கியதை, ரேக்கில் சூடு அதிகம் என்று, லைப்ரரி பிளாக்கில் கொண்டுபோய் வைத்தோம். வைத்தவன் நான்தான். கேம்பஸ் படத்தில் மாற்றியிருக்கிறேன், ரேக் படத்தில் மாற்றியிருக்கிறேன், ஃபைபர் படத்தில் மட்டும் மாற்றவில்லை. அன்றைக்கு நான் திறந்து வைத்திருந்தது ஃபைபர் படம். தம்பி மழையில் லைப்ரரி பிளாக்குக்கு ஓடி, சாவிக்கு வாட்ச்மேனைத் தேடி, ஹாஸ்டலுக்கு நெட் வரும்போது மணி எட்டு. ஞாயிறு சாயங்காலம் நெட் இல்லாத ஹாஸ்டலில் வார்டன் மேடம் பட்ட பாட்டை அவர்களே எனக்குப் போன் பண்ணி விளக்கமாகச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் ரெண்டு மாதம், கையில் கிடைத்த மென்பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து அதே கல்லூரியின் படத்தை மறுபடி மறுபடி வரைந்து பார்த்தேன். 6 பிளாக், 38 சுவிட்ச், வைஃபை பரப்பும் ஏபி பெட்டிகள் 70-க்கு மேல், ஒரு ஃபயர்வால், ரெண்டு நெட் கனெக்‌ஷன். பெரிய கம்பெனிக்காரர்களுக்கு இது ஒன்றுமில்லை, தனி ஆளாகப் பார்க்கிறவனுக்கு இது போதுமான தலைவலி. உங்களிடம் ஒரு மோடமும் நாலு கம்ப்யூட்டரும்தான் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், ஒரு வெள்ளைத்தாள் போதும்.

ஏன் நாலு படம் என்று கேட்பீர்கள். முதல் வருடம் எல்லாவற்றையும் ஒரே படத்தில்தான் போட்டேன், ஏ3 தாளில் அச்சடித்தபோது சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி இருந்தது. பிரச்சினை என்னவென்றால், ஒரே நெட்வொர்க் ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு உருவம் எடுக்கிறது. கேபிள் அறுந்தால் எந்தச் சுவர் வழியாக, எந்தப் பேட்ச் பேனலின் எந்த ஓட்டைக்குப் போகிறது என்று வேண்டும். வீலேன், அதாவது ஒரே கேபிளுக்குள் பிரித்து ஓட்டும் தனித்தனி நெட்வொர்க், அதில் பிரச்சினை என்றால் பேட்ச் பேனல் என்று ஒன்று இருப்பதே தேவையில்லை, ஆனால் கேபிள் படத்தில் ஒரே கோடாக இருந்த, பல வீலேன்களைச் சுமக்கும் ட்ரங்க் இங்கே ஆறு நிறக் கோடாக வேண்டும். ஐபி படத்துக்குப் போனால் 38 சுவிட்சும் காணாமல் போய்விடும், நடுவில் இருக்கும் கோர் சுவிட்சும் ஃபயர்வாலும் அவற்றில் தொங்கும் சப்நெட்டுகள் என்ற ஐபி முகவரிக் கூட்டங்களும் மட்டும் மிஞ்சும். பிரின்சிபால் கேட்டால் இது எதுவுமே வேண்டாம், எந்த பிளாக்கில் வைஃபை இருக்கிறது என்று பச்சை அடித்த கேம்பஸ் படம் ஒன்று வேண்டும்.

ஆக, படம் பலவாக இருந்தே தீரும். அந்தப் பல படங்களும் ஒன்றோடு ஒன்று எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதில்தான் மென்பொருட்கள் வேறுபடுகின்றன. இதில் ரெண்டு வகைக் கட்டு இருக்கிறது, விற்கிறவர்கள் ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். ஒன்று, கட்டத்தைத் தொட்டால் இன்னொரு படத்துக்குக் குதிப்பது. இன்னொன்று, இந்தப் படத்தில் இருக்கும் சுவிட்சும் அந்தப் படத்தில் இருக்கும் சுவிட்சும் ஒரே ஆள் என்று மென்பொருளுக்கே தெரிந்திருப்பது. என்னிடம் முதலாவது இருந்தது, அழகாகக் குதிக்கும். ஹாஸ்டல் அன்றைக்கும் நன்றாகத்தான் குதித்தது, தப்பான இடத்துக்கு.

நிலம் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். 10 சென்ட் வாங்கப் போனாலும் கிராம வரைபடம் ஒன்று, அளவெல்லாம் போட்ட எஃப்எம்பி ஒன்று, யார் பெயரில் இருக்கிறது என்று சிட்டா ஒன்று, யார் யாருக்கு விற்றார் என்று வில்லங்கச் சான்று ஒன்று. எல்லாம் ஒரே மண்ணைப் பற்றி நாலு விதமாகப் பேசும் காகிதங்கள், வேறு வேறு ஆபீசில் இருந்து வருகிறவை. அவற்றை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது சர்வே நம்பரும் உட்பிரிவும்தான். பட்டா பிரிந்திருக்கும், எஃப்எம்பியில் உட்பிரிவுக் கோடு ஏறியிருக்காது, அப்புறம் சர்வேயரை அழைத்துக்கொண்டு அலைய வேண்டும். என் ஃபைபர் படத்துக்கு நடந்ததும் அதேதான்.

அதனால் ஒவ்வொரு மென்பொருளையும் ஒரே சோதனையில்தான் எடை போட்டேன். பி2எஸ்3 என்ற சுவிட்சை எடுத்து, அதன் பெயரையும் இடத்தையும் மாற்றுவேன். எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது? ஒன்றை மறந்தால் மென்பொருள் எனக்குச் சொல்லுமா? மூன்றாவதாக, நான் கல்யாண வீட்டில் இருக்கும்போது தம்பி தன் போனிலேயே திறந்து பார்க்க முடியுமா?

முதலில் ட்ரா.ஐஓ, ஏனென்றால் இதைப் படிக்கிற பாதிப்பேர் இப்போது வைத்திருப்பது அதுதான். இலவசம், பிரவுசரிலும் ஓடும், டெஸ்க்டாப்பில் இன்ஸ்டால் செய்தால் நெட் இல்லாமலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். ஒரே ஃபைலில் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் போடலாம், கட்டத்தை ரைட் கிளிக் செய்து எடிட் லிங்க்கில் இன்னொரு பக்கத்தைக் காட்டிவிட்டால் தொட்டதும் போய்விடும். ஆனால் பெயர் மாற்றும் சோதனையில் நேராகத் தோற்றது. ஒவ்வொரு பக்கத்தில் இருக்கும் பி2எஸ்3-யும் தனித்தனிக் கட்டம், காப்பி பேஸ்ட் செய்ததோடு உறவு முடிந்தது. தேடும் பெட்டியில் எல்லாப் பக்கங்களிலும் தேடு என்ற தேர்வு இருக்கிறது, ரிப்ளேசும் உண்டு, அதனால் பெயரையாவது ஒரே மூச்சில் மாற்றிவிடலாம், எல்லாப் பக்கத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி எழுதியிருந்தால். நான் ஒன்றில் பி2எஸ்3 என்றும் இன்னொன்றில் பி2-எஸ்3 என்றும் எழுதியிருந்தேன்.

ஆனாலும் ட்ரா.ஐஓவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதில் பாதிப்பேர் தொடாத ஒரு வசதி இருக்கிறது. பக்கத்துக்குப் பதில் லேயர், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும் கண்ணாடித்தாள் மாதிரி. கேபிள் படமும் வீலேன் படமும் வைஃபை படமும் ஒரே கேம்பஸ் அமைப்பின் மேல்தான் உட்காருகின்றன, அப்படியென்றால் எதற்கு மூன்று பக்கம்? அடியில் ஒரு லேயரில் பிளாக்குகளும் சுவிட்சுகளும், அதன் மேல் கேபிள் ஒரு லேயர், வீலேன் 10 ஒரு லேயர், வீலேன் 20 ஒரு லேயர், ஏபி ஒரு லேயர். படத்தின் ஓரத்தில் பட்டன் மாதிரி நாலு கட்டம் வரைந்து, அவற்றின் லிங்க்கில் லேயரை மறைக்கவும் காட்டவும் சொல்லும் ஒரு வரியை எழுதிவிட்டால், தொடத் தொட லேயர் மாறும். இப்போது சுவிட்ச் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, நகர்த்தினால் அதில் ஒட்டிய எல்லாக் கோடும் கூடவே நகரும், மறைந்திருக்கும் லேயரில் உள்ள கோடுகளும் சேர்த்து. நாலு படத்தில் ரெண்டரைப் படம் இப்படி ஒன்றாகிவிடுகிறது. ரேக் படமும் ஐபி படமும் மட்டும் இதில் அடங்காது, அவற்றின் அமைப்பே வேறு, அதற்குத் தனிப் பக்கம் வேண்டும், அங்கே பழைய ஆபத்து அப்படியே இருக்கும். கட்டத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எம் அழுத்தினால் சீரியல் நம்பர், வாங்கிய தேதி, ஐபி என்று தனித்தனியாக எழுதி வைக்கலாம், மவுசை மேலே வைத்தால் காட்டும். இதையும் யாரும் செய்வதில்லை, கட்டத்துக்குள்ளேயே எட்டு வரி எழுதி வைத்திருப்பார்கள்.

போனில் திறப்பது சுமார்தான். பெரிய ஃபைலை பிரவுசரில் திறந்தால் போன் திணறும். ஹெச்டிஎம்எல்லாக எக்ஸ்போர்ட் செய்து கொடுப்பது பரவாயில்லை, பக்க லிங்க்குகளும் வேலை செய்யும், ஆனால் எக்ஸ்போர்ட் செய்த அன்றைய நிலைதான் அதில் இருக்கும்.

விசியோவைப் பற்றி. 1992-இல் வந்தது, 2000-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, நெட்வொர்க் டயகிராம் என்றாலே விசியோதான் என்று ஒரு தலைமுறையே பழகிவிட்டது. டெண்டர் வேலைகளில் இன்னும் விசியோ ஃபைல்தான் கேட்கிறார்கள். நான் எதிர்பார்க்காதது, என் சோதனையில் இது தேறியது. சுவிட்ச் பட்டியலை எக்செல்லில் வைத்துக்கொண்டு, அந்த வரிசைகளைப் படத்தில் உள்ள கட்டங்களோடு கட்டிவிடலாம். ஒரே எக்செல் வரியை கேம்பஸ் பக்கத்தில் ஒரு கட்டத்தோடும், ரேக் பக்கத்தில் இன்னொரு கட்டத்தோடும் கட்டலாம். எக்செல்லில் பெயரை மாற்றி ரிஃப்ரெஷ் கொடுத்தால் ரெண்டு பக்கத்திலும் மாறுகிறது. பிளாக் என்ற நெடுவரிசையை வைத்து நிறமும் மாற்றலாம். இதுதான் நான் தேடிய ஒரே ஆள் கட்டு. கட்டம் இருக்கும் இடம் மட்டும் தானாக நகராது, அதைக் கையால்தான் இழுத்துப் போட வேண்டும், ஆனால் லைப்ரரி பிளாக் என்று எழுத்து மாறியிருந்தாலே அன்றைக்கு எனக்குப் போதும்.

சிக்கல் எங்கே என்றால், இந்த டேட்டா கட்டும் வசதி விலை கூடிய பதிப்பில்தான் உண்டு, சந்தாவில் என்றால் பிளான் 2, மொத்தமாக வாங்கினால் புரொஃபஷனல். அலுவலகச் சந்தாவோடு சேர்ந்து வருகிற வெப் விசியோவில் இது கிடையாது. அதைப் பார்த்துவிட்டு "நம்மகிட்டதான் விசியோ இருக்கே" என்று ஏமாந்துவிட வேண்டாம். டெஸ்க்டாப் பதிப்பு விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மூன்று பேர் மாற்ற வேண்டும் என்றால் மூன்று லைசென்ஸ். நம்ம பக்கத்து கல்லூரிக்கு, ஸ்கூலுக்கு, முந்திரி அண்டி ஆபீசுக்கு மாதாமாதம் இந்தப் பணத்தைக் கட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றால் தாராளமாக அதிலேயே இருங்கள், எக்செல்லோடு கட்டுங்கள், அதைக் கட்டாமல் வெறும் படம் வரைவதற்கு விசியோ வைத்திருப்பது லாரியில் தேங்காய் ரெண்டு ஏற்றிக்கொண்டு போவது மாதிரி.

அடுத்து ஒய்எட், ஜெர்மனிக்காரர்கள் இலவசமாகக் கொடுப்பது. எக்செல்லில் சுவிட்ச் பட்டியலும், எது எதோடு இணைகிறது என்ற பட்டியலும் கொடுத்தால் உள்ளே இழுத்துக்கொண்டு தானே அடுக்கிக் கொடுக்கும், அந்த அடுக்குகிற வேலையில் இதை மிஞ்ச ஆள் குறைவு. ஒரு சுவிட்சைத் தொட்டால் பக்கத்துச் சிறு ஜன்னலில் அதன் அண்டை அயல் மட்டும் தெரியும், சிக்கலான படத்தில் வழி தேட அருமையான வசதி. பிளாக்கைக் கட்டமாக மூடி வைத்துவிட்டுத் தேவையானபோது திறக்கலாம். ஆனால் ஃபைலுக்கு ஒரே படம்தான். புதிதாக ஒரு இடத்துக்குப் போய், அங்கே குழம்பிக் கிடப்பதை முதல்முறை புரிந்துகொள்ள எடுங்கள், வருடக்கணக்கில் வைத்துப் பராமரிக்க வேண்டாம்.

எழுத்தில் எழுதிப் படம் வரவழைக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது, கிராஃப்விஸ், 2022-இல் திறந்த மூலமாக வந்த டி2 எல்லாம். இதில் சேர்ந்துவிடலாமா என்று எனக்கும் ரொம்ப ஆசை இருந்தது. எக்செல் மாதிரி வரிசையாக எழுதிய ஒரே சிஎஸ்வி ஃபைலில் எல்லா சுவிட்சும் எல்லாக் கேபிளும், ஒரு சின்ன பைத்தான் நிரல் அதைப் படித்து நாலு படமாக எழுதிக் கொடுக்கும், வருகிற எஸ்விஜி படத்தில் லிங்க்கும் போட்டுவிடலாம். பெயர் மாற்றும் சோதனையில் நூற்றுக்கு நூறு, ஒரே வரியை மாற்றினால் நாலு படமும் மாறிவிடும். போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் வரி வரியாகப் பார்க்கலாம். டி2-வில் ஒரு கட்டத்துக்குள் இன்னொரு முழுப் படத்தையே லேயராக வைத்து அதற்கு லிங்க் கொடுக்க முடியும்.

பிடிக்காதது ஒன்று, ஆனால் அது பெரியது. ஒரு சுவிட்சைச் சேர்த்தால் மொத்தப் படமும் வேறு மாதிரி அடுக்கிக்கொள்ளும். நேற்று வலது ஓரத்தில் இருந்த ஹாஸ்டல் இன்றைக்கு இடது கீழ். மென்பொருளுக்கு அது ஒன்றும் இல்லை, நமக்கோ படம் என்பது கண்ணில் பதிந்த இடம். வடசேரி பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் எந்த பஸ் நிற்கும் என்று போர்டைப் படித்தா போகிறோம்? அதை தினமும் மாற்றி வைத்தால் ஊர்க்காரனே வழி தவறுவான். தம்பி ரெண்டாவது வாரமே சொல்லிவிட்டான், "அண்ணே, பழைய படமே இருக்கட்டும், இது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கோலமாட்டு இருக்கு." போதாததற்கு, நான் இல்லையென்றால் அந்தப் பைத்தான் நிரலை யார் தொடுவார்கள்?

கடைசியாக நெட்பாக்ஸ். இது படம் வரையும் மென்பொருளே இல்லை, அதனால்தான் ரொம்ப நாள் பக்கத்திலேயே போகவில்லை. டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்தில் ஜெரமி ஸ்ட்ரெட்ச் எழுதியது, 2016-இல் திறந்த மூலமாக வெளிவிட்டார்கள். இது நெட்வொர்க்கின் அடங்கல் பதிவேடு மாதிரி. கட்டிடம், ரேக், சுவிட்ச், போர்ட், கேபிள், வீலேன், ஐபி எல்லாம் ஒரே ஒரு முறை பதிவாகும், பார்வைகள் அதிலிருந்து வரும். ரேக் பக்கத்தைத் திறந்தால் யூ என்று எண்ணும் அடுக்குகளில் எதில் எது என்று முன்பக்கமும் பின்பக்கமும் தானே வரைந்து காட்டுகிறது. அங்கே ஒரு சுவிட்சைத் தொட்டால் அதன் போர்ட்டுகள், போர்ட்டைத் தொட்டால் கேபிள், கேபிளில் டிரேஸ் கொடுத்தால் ஹாஸ்டல் ஏபியில் தொடங்கி பேட்ச் பேனல் வழியாக, ஃபைபர் பெட்டி வழியாக, கோர் சுவிட்ச் வரை ஒவ்வொரு கண்ணியாகக் கீழே இறங்குகிறது. அதே சுவிட்சின் ஐபியைத் தொட்டால் சப்நெட், அங்கிருந்து வீலேன். எல்லாமே குதிக்கிறது, எல்லாமே ஒரே ஆளுக்குக் குதிக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது அதன் முரட்டுத்தனம். ஏற்கெனவே கேபிள் இருக்கும் போர்ட்டில் இன்னொரு கேபிளைச் சொருக விடாது. ரேக்கில் ஆள் இருக்கும் இடத்தில் இன்னொன்றை வைக்க விடாது. பழைய படங்களைப் பார்த்து உள்ளே ஏற்றும்போதே ஒன்பது இடத்தில் முறைத்தது, போய்ப் பார்த்தால் ஒன்பதிலும் என் படம்தான் தப்பு. ஒரு போர்ட்டில் ரெண்டு பிளாக்குக்கான அப்லிங்க்கை, அதாவது மேலே போகும் இணைப்பை, வரைந்து வைத்திருக்கிறேன், மூன்று வருடமாக யாரும் கேட்கவில்லை. ட்ரா.ஐஓ அப்படியெல்லாம் கேள்வி கேட்காது, நீங்கள் வரைவதை மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்ளும்.

விலை, பணமாக ஒன்றும் இல்லை, உழைப்பாக நிறைய. லினக்ஸ், அதன் மேல் போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் என்ற தரவுத்தளங்கள் என்று ஒரு சர்வர் நிறுத்த வேண்டும், 8 ஜிபி ராம் உள்ள ஒரு பழைய லேப் கம்ப்யூட்டரில் டாக்கர் வழியாக ஓட்டுகிறேன், இந்த அளவுக்கு அது தாராளம். பேக்கப்பை நீங்கள்தான் பார்க்க வேண்டும். சாதன வகைகளுக்கு ஒரு பொது நூலகம் இருக்கிறது, பிரபலமான சுவிட்ச் மாடல் என்றால் போர்ட் எல்லாம் தயாராக இறங்கிவிடும், லோக்கல் பிராண்ட் என்றால் நாமே எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க மூன்று வாரம் சாயங்காலங்கள் போயின. மொத்த நெட்வொர்க்கையும் ஒரே தாளில் பார்க்கும் படம் இதில் நேரடியாகக் கிடையாது. டோபாலஜி வியூஸ் என்று ஒரு பிளகின் இருக்கிறது, பதிவில் இருப்பதைக் கொண்டு படம் போட்டுக் கொடுக்கும், கட்டங்களை இழுத்து வைத்த இடத்தை நினைவிலும் வைத்துக்கொள்ளும். நெட்பாக்ஸை அப்கிரேட் செய்யும் முன் பிளகினும் அந்தப் பதிப்புக்கு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பார்க்காமல் செய்து ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தேன்.

சிலர் கேட்கலாம், இதையெல்லாம் ஏன் கையால் ஏற்ற வேண்டும், லிப்ரெஎன்எம்எஸ் மாதிரி கண்காணிப்பு மென்பொருள் ஒன்றைப் போட்டால் அதுவே கண்டுபிடித்து வரைந்துவிடுமே என்று. வரையும். சுவிட்சுகள் எல்எல்டிபி என்ற முறை வழியாகப் பக்கத்து சுவிட்சிடம் யாரப்பா நீ என்று கேட்டுக்கொள்கின்றன, அதை வாங்கித்தான் அது வரைகிறது. ஆனால் பேட்ச் பேனல் பேசாது, ஃபைபர் ஜாயிண்ட் பேசாது, அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் மேசைக்கு அடியில், குப்பைக்கூடைக்குப் பக்கத்தில், யாரோ வாங்கி வைத்த 5 போர்ட் சுவிட்ச் பேசவே பேசாது. பாதிப் பிரச்சினை அந்த மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு, அது இருப்பதைக் காட்டும், இருக்க வேண்டியதைக் காட்டாது. அறுந்துபோன லிங்க் படத்திலிருந்தும் போய்விட்டால் எதைத் தேடுவது? கண்காணிக்க வைத்துக்கொள்ளுங்கள், பதிவேடாக வேண்டாம்.

கேபிள் டிவி நடத்தி இப்போது ஃபைபர் நெட் கொடுக்கிறவர்களுக்கு மேலே சொன்னது ஏறக்குறைய எதுவும் பொருந்தாது, அவர்களுக்குத் தனியாக. கருங்கல் பக்கம் ஒரு ஆபரேட்டருக்கு அவ்வப்போது உதவுகிறேன். அவருடைய நெட்வொர்க்கில் சுவிட்சே குறைவு, எல்லா ஃபைபரும் கிளம்பும் ஓஎல்டி என்ற தலைமைப் பெட்டி ஒன்று, அப்புறம் ஈபி போஸ்ட் போஸ்டாக, ரப்பர் தோட்டம் தோட்டமாக ஓடும் ஃபைபர், வழியில் ஜாயிண்ட் பெட்டிகள், ஒரு ஃபைபரைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர்கள். இங்கே வேண்டிய பார்வைகள் ரெண்டுதான். ஒன்று மேப், எந்த போஸ்டில் எந்தப் பெட்டி. இன்னொன்று மரம், எந்த ஸ்ப்ளிட்டருக்குக் கீழே எந்த ஸ்ப்ளிட்டர், எந்த வீடு. ஒன்றை எட்டாகப் பிரிக்கும் 1:8 ஸ்ப்ளிட்டரில் ஒளியின் பவரில் ஏறக்குறைய 10.5 டெசிபல் போய்விடும், ரெண்டு அடுக்கு என்றால் 21, ஓஎல்டியில் மாட்டும் ஜிபான் பி பிளஸ் மாட்யூல் தாங்கும் மொத்த இழப்பே 28 தான், ஆகவே எந்த வீடு எத்தனையாவது அடுக்கில் தொங்குகிறது என்பது அவருக்குப் பிழைப்பு. ஒரு வீட்டில் மட்டும் பவர் குறைந்தால் அந்த வீட்டுக்கு வரும் ட்ராப் கேபிளைப் பார்க்க வேண்டும், ஒரே ஸ்ப்ளிட்டரின் எட்டு வீட்டிலும் குறைந்தால் அதற்கு மேலே பார்க்க வேண்டும். மரத்தில் கண்டுபிடித்து, மேப்பில் போஸ்டைத் தேடிப் போக வேண்டும்.

அவர் கூகுள் மை மேப்ஸில் புள்ளி போட்டு வைத்திருந்தார். ஒரு மேப்புக்கு 10 லேயர்தான், ஆனால் சின்ன ஆபரேட்டருக்குப் போதும், பையன்கள் போனிலேயே திறந்து பைக்கில் போய்விடுவார்கள், அந்த சௌகரியத்தை வேறெதுவும் தரவில்லை. ஆயிரம் கனெக்‌ஷனைத் தாண்டினால் க்யூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருளுக்குப் போகச் சொல்வேன். அதில் ஒரே தரவை ரெண்டு மேப் ஜன்னலில் வேறு வேறு நிறத்தில் திறந்து, ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கூடவே நகரும்படி கட்டிவிடலாம். ஸ்ப்ளிட்டர் பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் மேப்பில் அந்த போஸ்ட் மஞ்சளாக மின்னும். கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆகும், மறைக்கவில்லை.

தாளையும் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் 30, ஓகி புயல். போஸ்ட் எல்லாம் சாய்ந்து, நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல், யூபிஎஸ் எல்லாம் உயிரை விட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க வரிசையில் நின்ற நாட்களில், கம்ப்யூட்டருக்குள் இருந்த எந்தப் படமும் எனக்கு உதவவில்லை, ரேக் கதவின் உள்பக்கம் பிளாஸ்டிக் உறையில் ஒட்டியிருந்த ஏ3 தாள் உதவியது. எந்த மென்பொருளை எடுத்தாலும் அதிலிருந்து அச்சடித்து ஒட்டுங்கள், அச்சடித்த தேதியோடு. தேதி இல்லாத படத்தை நான் இப்போது யாருடையதாக இருந்தாலும் நம்புவதில்லை.

சரி, எதை எடுப்பது. 15 சுவிட்சுக்குக் கீழே என்றால் ட்ரா.ஐஓ, பக்கம் குறைவாக லேயர் அதிகமாக, பெயர்கள் எல்லா இடத்திலும் எழுத்து மாறாமல். விசியோ பெரிய பதிப்பு கையில் இருந்தால் அதில் எக்செல்லைக் கட்டிக்கொள்ளுங்கள், வேறெங்கும் அலைய வேண்டாம். 15-க்கும் 40-க்கும் இடையில் இருப்பவர்கள்தான் குழம்ப வேண்டியவர்கள், அங்கே நான் ஒரு கேள்வி கேட்பேன்: உங்களைத் தவிர இன்னொருவர் அந்த நெட்வொர்க்கைத் தொடுகிறாரா? தொடுகிறார் என்றால் நெட்பாக்ஸ், கஷ்டப்பட்டாவது. படத்தை ஒருவர் கண்ணால் சரிபார்த்துவிடலாம், ரெண்டு பேர் ஆனால் முடியாது, ஒருவர் மாற்றியது மற்றவருக்குத் தெரியாது. 40-க்கு மேல் என்றால் கேள்வியே இல்லை.

நான் இப்போது கல்லூரியில் ரெண்டையும் வைத்திருக்கிறேன். பதிவு நெட்பாக்ஸில். ட்ரா.ஐஓவில் ஒரே ஒரு கேம்பஸ் படம், அதில் ஐபி இல்லை, போர்ட் நம்பர் இல்லை, பிளாக்கும் சுவிட்சின் பெயரும் மட்டும், ஒவ்வொரு கட்டத்தின் லிங்க்கிலும் நெட்பாக்ஸில் அந்த சுவிட்சின் பக்கம். படம் எளிதில் பழசாகாது, ஏனென்றால் பழசாகக்கூடிய எதையும் அதில் எழுதவில்லை. சுவிட்சின் நெற்றியிலும் அதே பெயர் லேபிளாக, பக்கத்தில் ஒரு க்யூஆர், தம்பி போனில் ஸ்கேன் செய்தால் நேராக அந்தப் பக்கம் திறக்கும். பெயரில் மட்டும் ஒரு மாற்றம் செய்தேன், பிளாக் நம்பரை எடுத்துவிட்டேன். இடம் பெயரில் இருந்தால், இடம் மாறியதும் பெயர் பொய்யாகிவிடுகிறது. இப்போது எஸ்17 என்றால் எஸ்17, எந்த பிளாக்கில் இருந்தாலும்.

கருங்கல் ஆபரேட்டர் மை மேப்ஸில்தான் இன்னும் இருக்கிறார், க்யூஜிஐஎஸ் என்றதும் "அதெல்லாம் பிள்ளைகளுக்குப் பாத்துக்கிடலாம்" என்றார். ஆனால் போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், ஜாயிண்ட் பெட்டிக்குப் பெட்டி மஞ்சள் பெயிண்டில் நம்பர், மேப்பில் இருக்கும் அதே நம்பர். மூன்று இடத்தில் நின்று போனில் சரிபார்த்தேன். ரெண்டு சரியாக இருந்தது, ஒன்றில் 6-ஐ தலைகீழாக எழுதியிருந்தார்கள்.